டைட்டஸை ஏன் இறக்கல?

தம்பி, போன்ல ஓடுறது பந்தாட்டமா? பாருங்க, பாருங்க. நான் தொந்தரவு பண்ணமாட்டேன். ஜன்னலோரம் உங்களுக்கே இருக்கட்டும், எனக்குப் பழனி வரைக்கும்தான். நீங்க எது வரைக்கும்? கோயம்புத்தூரா? நல்லது. அப்ப நாம மறுபடி பாத்துக்கப் போறதில்ல. அதுவும் நல்லதுதான்.

இந்தா, இப்ப வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன் பந்து வாங்கினான் பாருங்க. அது வாங்கினது இல்ல தம்பி. பந்து வந்து அவன் மேல விழுந்துச்சு, அம்புட்டுத்தான். வாங்குறதுன்னா வேற. கோடி கோடியாக் குடுத்து ஆளெடுக்குறானுங்க, பந்து வாங்கத் தெரியல. எங்க டைட்டஸை நீங்க பாத்திருக்கணும்.

யாரு டைட்டஸா? அது சரி, நீங்க எப்படிப் பாத்திருப்பீங்க. நீங்க பொறந்தே இருக்கமாட்டீங்க.

நமக்குத் திண்டுக்கல்ல பாறைமேடு. பேரு ஸ்தனிஸ்லாஸ். ஸ்தனிஸ்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், பஜார்ல பாத்திரக்கடை. எங்க ஏரியாவுக்குன்னு ஒரு டீம் இருக்கு, பாறைமேடு லெவன். டீம்னா வெறும் டீம் இல்ல. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவன்கூட, அன்னைக்கு மேட்ச் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் குறிப்பான். அதுல ஃபார்வர்டு ஆடினவன் டைட்டஸ். கோல் போஸ்ட்டுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான். பின்னாடி ஒருத்தன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருப்பான். நம்ம கோல்கீப்பர் அடிச்ச பந்து ஆகாசத்துல இருந்து இறங்கும். டைட்டஸ் நெஞ்சைக் கொஞ்சம் உள்ளே இழுப்பான். தூங்குற பிள்ளையைத் தோள்ல இருந்து தொட்டில்ல இறக்குவோம் பாருங்க, அந்த மாதிரி பந்து அவன் காலடிக்கு வந்துரும். சத்தமே இருக்காது.

இன்னொருத்தன் இருந்தான், சிக்கந்தர். அவனும் ஃபார்வர்டுதான். ஓட்டம்னா அப்படி ஒரு ஓட்டம், இல்லேங்கல. ஆனா பந்து அவன் கால்ல பட்டுச்சுன்னா அடுத்த தெருவுல போய்த்தான் பொறுக்கணும். நான் ஒருதலையாப் பேசுறேன்னு நினைக்காதீங்க. நான் எப்பவும் நடுவுல நிக்கிற ஆளு. யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க. ஜமால் பாய்கிட்ட மட்டும் கேக்காதீங்க.

ஜமால் பாய் கண்ணாடிக்கடை வச்சிருக்கார். ஊருக்கே கண்ணு டெஸ்ட் பண்ணுவார், அவருக்குப் பந்துதான் தெரியாது. கேலரியில எனக்குப் பக்கத்துலதான் உக்காருவார். இத்தனை வருஷமா இடம் மாறி உக்காந்ததில்ல, ஒரு தடவைகூட ஒத்துப் பேசினதும் இல்ல.

"ஸ்தனிஸ், பந்து வாங்குறவனையே பாக்காதய்யா. காலி இடத்துக்கு ஓடுறவனைப் பாரு. சிக்கந்தர் ஓடுறதாலதான் டைட்டஸுக்கு இடம் கிடைக்குது"ம்பார்.

"பந்து இல்லாத இடத்துக்கு எதுக்கு பாய் ஓடணும்? அதுக்கு மாரத்தான் ஓடலாம்ல?"ம்பேன் நான்.

சுத்தி இருக்கிறவங்க சிரிப்பாங்க. சிரிச்சா ஜெயிச்ச மாதிரிதானே?

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எனக்குக் கல்யாணமான புதுசு. அந்த வருஷம் எங்க டீம் ஃபைனலுக்கு வந்துருச்சு. மதுரைக்காரங்களோட ஆட்டம். அது வரைக்கும் ஒரு மேட்ச் விடாம டைட்டஸ் கோல் போட்டிருக்கான். கேலரியில கால் வைக்க இடமில்ல. மதில் மேல ஆளு, மரத்து மேல ஆளு. டீம் இறங்குது. பாக்குறேன், டைட்டஸைக் காணோம். எங்கடான்னா பெஞ்ச்ல உக்காந்திருக்கான். மேல ஒரு துண்டைப் போத்திக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. சிக்கந்தர் ஆடுறான்!

கோச் யாருன்னா சலேத்து மாஸ்டர். ஸ்கூல்ல டிரில் மாஸ்டரா இருந்தவர். சாயங்காலம் எங்க டீமைப் பாத்துக்குவார், காசு பணம் எதிர்பாக்காம. நல்ல மனுஷன், அதை நான் மறுக்கல. ஆனா அன்னைக்கு என்ன நினைச்சாரோ தெரியல. சிக்கந்தர் தனியாப் போயி மூணு தடவை கோல்கீப்பர் கையில கொண்டுபோய்க் கொடுத்தான். கல்யாண வீட்டுல மொய் எழுதுற மாதிரி, பக்கத்துல போயி, பணிவா. கேலரி பூராம் "டைட்டஸ்! டைட்டஸ்!"னு கத்துது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பாக்கல. கடைசியில அவனுங்க ஒண்ணு போட்டுட்டானுங்க. தோத்தோம்.

அதுக்கப்புறம் டைட்டஸ் ஒரு ஏழெட்டு மேட்ச் ஆடினான், சின்னச் சின்ன மேட்ச். அப்புறம் மஸ்கட் போயிட்டான். ஒரு நல்ல ஆட்டக்காரனை இப்படி உக்கார வச்சு மனசை ஒடிச்சுட்டாரேங்கிறதுதான் எனக்கு ஆறல.

நான் கோவப்படல தம்பி. கேட்டேன், அம்புட்டுத்தான். கேக்குறது தப்பா? மறுநாளே அவர் வீட்டு வாசல்ல போய்க் கேட்டேன். "மாஸ்டர், டைட்டஸை ஏன் இறக்கல?"

"இறக்கல. அவ்வளவுதான்"னார்.

இது ஒரு பதிலா? நீங்களே சொல்லுங்க. அதனால திரும்பவும் கேக்க வேண்டியதாப் போச்சு. மார்க்கெட்ல பாத்தா கேப்பேன். பூசை முடிஞ்சு கோயில்ல இருந்து வெளியே வரும்போது கேப்பேன். பஸ்ல போகும்போது அவர் ரோட்டுல நடந்து போனார்னா, ஜன்னல் வழியாக் கேப்பேன். அவரும் ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான். "இறக்கல, அவ்வளவுதான்." அவர் சம்சாரம் இறந்தப்ப துக்கத்துக்குப் போயிருந்தேன். மாலையைப் போட்டுட்டுப் பக்கத்துல போயி, மெதுவாத்தான் கேட்டேன், யாருக்கும் கேக்காம. மனசு இளகி இருக்கும், இப்பவாவது சொல்லிருவார்னு நினைச்சேன். "ஸ்தனிஸ், உள்ளே போயி ஒரு வாய் காப்பி குடி"ன்னார். ரீத்தா, என் வீட்டுக்காரி, அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு போடல. பொம்பளைங்களுக்குப் பந்தாட்டம் புரியாது.

இப்படியே வருஷம் ஓடிப்போச்சு. மாஸ்டர் ரிட்டயர் ஆனார், ஆனா டீமை விடல. நானும் கேலரியை விடல. ஒவ்வொரு தடவை தோக்கும்போதும், இது அன்னைக்கு ஆரம்பிச்சதுதான்டான்னு பசங்களுக்கு எடுத்துச் சொல்லுவேன். அடுத்த தலைமுறைக்குத் தெரியணும்ல?

முந்தின வருஷம் என்ன ஆச்சு, வரிசையா தோல்வி. கிளப் மீட்டிங் போட்டோம். நான் எழுந்திரிச்சு ஒரு ரெண்டு வார்த்தை பேசினேன். கொஞ்சம் நீளமாப் போயிருச்சு போல, பாதிப்பேரு எந்திரிச்சு டீ குடிச்சுட்டு வந்துட்டாங்க. பேசி முடிச்சேன். மாஸ்டர் எழுந்திரிச்சார். கழுத்துல கிடந்த விசிலைக் கழட்டினார். நேரா என்கிட்ட வந்து என் கழுத்துல மாட்டிட்டார்.

"ஸ்தனிஸ், எனக்குப் பிரஷர் இருக்கு. மக பழனியில வந்து இருன்னு ரொம்ப நாளாக் கூப்பிடுறா. இந்த வருஷம் நீ நடத்து."

ஜமால் பாய் இருக்காரே, அவர்தான் முதல்ல கை தட்டினார். "இதுதான் சரி! இதுதான் சரி!"ன்னார். அவர் வாழ்க்கையில நான் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தை ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான். பாவம், மாஸ்டருக்குப் பிரஷர். இத்தனை வருஷமா அந்த டீமைக் கட்டி இழுத்தா வராம என்ன செய்யும்?

நான் கோச் ஆயிட்டேன் தம்பி. நீலக் கலர்ல டிராக்சூட் ஒண்ணு வாங்கினேன். ரீத்தா பாத்துட்டு, "இதைப் போட்டுக்கிட்டு பஜார் வழியாப் போகாதீங்க, வியாபாரம் படுத்துரும்"னா. நான் கேக்கல. பஜார் வழியாத்தான் போனேன்.

முதல் நாள் பிராக்டிஸ்லயே ஒருத்தனைக் கண்டுபிடிச்சேன். ஜெரோம்னு பேரு. காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பையன். அவங்க அப்பா பிளம்பர். சும்மா ஒரு பந்தை உசரமா அடிச்சுவிட்டேன். நெஞ்சை உள்ளே இழுத்தான் பாருங்க! பந்து சத்தமில்லாமக் காலடிக்கு வந்துருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன். இன்னொரு ஃபார்வர்டு, அழகுராஜா. அவன் ஓட்டக்காரன். பந்து வாங்கத் தெரியாது. சொல்லப்போனா அவன் கால்ல பட்ட பந்து... சரி, அதை விடுங்க. அவன் நல்ல பையன்தான்.

ஜெரோமை நடுவுல நிறுத்தினேன். எல்லாப் பந்தும் அவனுக்குத்தான். ஜெயிச்சோம் தம்பி! லீக்ல ஒண்ணு விடாம ஜெயிச்சோம். ஜமால் பாய் கேலரியில தனியா உக்காந்திருக்கார், பக்கத்து இடம் காலி. ஏன்னா நான்தான் கீழே பெஞ்ச்ல இருக்கேனே. ஒவ்வொரு கோலுக்கும் நான் திரும்பி அவரைப் பாப்பேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டிருப்பார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கடை திறந்த நாள்லகூட அனுபவிச்சதில்ல.

செமி ஃபைனல்லயும் ஜெயிச்சு ஃபைனலுக்கு வந்துட்டோம். திரும்பவும் மதுரைக்காரங்கதான். ஊரே தட்டி கட்டிருச்சு. ஜெரோம் படம் போட்டு, பக்கத்துல என் படமும் போட்டு. என் படம் கொஞ்சம் சின்னதுதான். டைட்டஸ் விட்டதை ஜெரோம் பிடிப்பான்னு எழுதியிருந்தானுங்க. நான்தான் எழுதச் சொன்னேன்.

ஃபைனலுக்கு முந்தின நாள். மத்தியானம், கடையில வியாபாரம் இல்லாத நேரம். ஜெரோம் வந்தான். "அண்ணே, உள்ளே போயிப் பேசலாமா?"ன்னான். பின்னாடி பாத்திரமெல்லாம் அடுக்கி வச்சிருக்கிற ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். என்கிட்ட ஒரு விஷயத்தைச் சொன்னான்.

என்ன சொன்னான்னு கேக்காதீங்க. ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். இது இன்னும் ரெட்டியார்சத்திரம்தானே? நம்ம ஊரு எல்லை மாதிரிதான். பொறுங்க.

மறுநாள் ஃபைனல். ஜெரோமை இறக்கல. அழகுராஜாவை நடுவுல போட்டேன்.

கேலரியைப் பாக்கணுமே நீங்க. முதல்ல முணுமுணுப்பு. அப்புறம் "ஜெரோம்! ஜெரோம்!"னு கத்த ஆரம்பிச்சானுங்க. நான் திரும்பிப் பாக்கல. திரும்பினா எந்திரிச்சு ஓடிருவேன்னு பயம். ஜெரோம் பெஞ்ச்ல என் பக்கத்துல உக்காந்திருக்கான், தலையைக் குனிஞ்சுக்கிட்டு. குளிர்ற மாதிரி இருந்தான், என் டிராக்சூட் மேல்சட்டையைக் கழட்டி அவன் மேல போட்டேன். அழகு ஓடுறான், ஓடுறான், உயிரைக் குடுத்து ஓடுறான். பந்து அவன்கிட்ட நிக்கமாட்டேங்குது. ரெண்டு தடவை கோல் போஸ்ட்ல பட்டுத் திரும்புச்சு. கடைசி நேரத்துல மதுரைக்காரன் ஒரு கார்னர்ல தலையால முட்டிட்டான். முடிஞ்சுபோச்சு.

வெளியே வர்றேன், ஒருத்தன் என் முகத்துக்கு நேரா நின்னு கேக்குறான். "யோவ், ஜெரோமை ஏன்யா இறக்கல?" இவனுக்கு நேத்துதான் மீசை முளைச்சிருக்கு, என்னை யோவ்ங்கிறான்.

"இறக்கல. அவ்வளவுதான்"னேன்.

வேற என்னத்தைச் சொல்றது? தட்டியில இருந்த என் படத்துல மீசைக்குப் பதிலா வேற என்னமோ வரைஞ்சு வச்சானுங்க. கடைக்குப் பாத்திரம் வாங்க வர்ற பொம்பளைங்ககூட, "அண்ணே, அந்தக் குக்கரை எடுங்க, அந்தப் பையனை ஏண்ணே உக்கார வச்சீங்க?"ன்னு ஒரே மூச்சுல கேக்குதுங்க. ஜமால் பாய் இருக்காரே, அவரை மட்டும் மனுஷன்னே சொல்ல முடியாது. கறிக்கடையில கேட்டார். டீக்கடையில கேட்டார். என் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம், பந்தியில எனக்கு எதிர்ல உக்காந்து, அப்பளத்தை உடைச்சுக்கிட்டே கேக்குறார். "ஸ்தனிஸ், சொல்லுய்யா. ஜெரோமை ஏன் இறக்கல?" இடம் பொருள் தெரியவேணாமா தம்பி? ஒரு மனுஷனுக்கு வெளியே சொல்ல முடியாத காரணம் ஆயிரம் இருக்கும். எல்லாத்தையும் மைக் வச்சுச் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? கேலரியில உக்காந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்? பத்துப் பேரு சிரிக்கிற மாதிரிப் பேசிட்டா பந்தாட்டம் தெரிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?

எதுக்குச் சிரிக்கிறீங்க? நான் வயித்தெரிச்சலைச் சொல்றேன், நீங்க சிரிக்கிறீங்க.

இந்தா, ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. தக்காளிக் கூடை ஏத்துவானுங்க, கொஞ்ச நேரம் நிக்கும். தாண்டட்டும்.

சரி. தாண்டியாச்சு. இனி சொல்லலாம். ஊருக்குள்ள சொல்லமாட்டேன்னுதான் சத்தியம், இது வேற ஊரு. நீங்களும் கோயம்புத்தூர்க்காரர்.

அன்னைக்கு அந்தப் பாத்திர ரூமுல வச்சு ஜெரோம் என் கையைப் பிடிச்சான். ஐஸ் மாதிரி இருந்துச்சு அவன் கை. "அண்ணே, என்னால முடியாதுண்ணே"ன்னான். காய்ச்சலாடான்னேன். இல்லைன்னான். கால்ல அடியான்னேன். இல்லைன்னான். பயம்னான். "அந்தக் கூட்டத்தை நினைச்சாலே மூச்சு அடைக்குதுண்ணே. செமி ஃபைனல்ல இருந்து சாப்பிட்டது எதுவும் நிக்கல, வாந்தியா வருது. தட்டியில என் படத்தைப் பாத்தா அந்தத் தெருவுல நடக்கப் பயமா இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது. நாளைக்கு அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வச்சேன்னா விழுந்துருவேன்."

மொதல்ல அதட்டத்தான் நினைச்சேன். நம்ம காலத்துல பயம்னு சொன்னா முதுகுல ரெண்டு வச்சு அனுப்புவாங்க. ஆனா அவன் உதட்டைப் பாத்தேன் தம்பி. நடுங்குது. அடுக்கி வச்ச பாத்திரம் அவன் தோள்ல இடிச்சு, அதுவும் கூடச் சேர்ந்து கிணுகிணுன்னு நடுங்குது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரன்.

"ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்கன்னு சொல்லிரலாமாடா?"ன்னேன்.

"வேணாம்ணே, ஊரே வீட்டுக்கு வந்து நிக்கும். பசங்களுக்கு மட்டும் விஷயம் தெரிஞ்சா நான் அப்புறம் இந்த ஊர்ல பந்தைத் தொட முடியாதுண்ணே. பயந்தாங்கொள்ளின்னு சாகுற வரைக்கும் கூப்பிடுவானுங்க."

அது நெசந்தான். எங்க ஊரைப் பத்தி எனக்குத் தெரியாதா? அங்க கூப்பிடுற ஆளுங்களோட முன்வரிசையில உக்காந்திருக்கிறவனே... சரி. யோசிச்சேன். அப்புறம் சொன்னேன்: "நீ பயப்படாதடா. டிரெஸ் போட்டுக்கிட்டு வா, என் பக்கத்துல உக்காரு. நான் உன்னை இறக்கல. கேக்குறவன் என்னைக் கேக்கட்டும். உன்னை எவனும் கேக்கமாட்டான்." அப்படியே தரையில உக்காந்து அழுதான் தம்பி. பெரிய அண்டா ஒண்ணு கிடந்துச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டேன், யாரும் வந்துரக் கூடாதுன்னு.

ரீத்தாகிட்டகூட நான் சொல்லல. அவளும் கேட்டா. "இறக்கல, அவ்வளவுதான்"னேன். என்னை ஒரு மாதிரி பாத்தா. அப்புறம் என்னமோ அன்னைக்குத் தட்டுல ரெண்டு மீன் கூட வச்சா. ஏன்னு தெரியல.

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, முடிச்சுக்கிறேன்.

ஜெரோம் ஆட்டத்தை விட்டுடறேன்னுதான் சொன்னான். நான் விடல. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நானும் அவனும் மட்டும் ஆடுவோம். எனக்கு மூச்சு வாங்கும், அவன் சிரிப்பான். அப்புறம் வத்தலக்குண்டு பக்கத்துல ஒரு சின்ன மேட்ச். பாக்க ஆளே இல்ல, நாலு பேரும் ரெண்டு ஆடும்தான். பாதி ஆட்டத்துக்கப்புறம் மெதுவா இறக்கினேன். கோட்டுக்கிட்ட வந்து நின்னான். என்னைத் திரும்பிப் பாத்தான். நான் வேணும்னே வானத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன், நாம பாத்தா இன்னும் பயப்படுவான்னு. உள்ளே போயிட்டான். ஒரு பந்து வந்துச்சு, நெஞ்சுல வாங்கினான், சத்தமில்லாமக் காலுக்கு வந்துச்சு. அழகு அந்தப் பக்கம் காலி இடத்துக்கு ஓடுறான், அவன் முன்னாடி உருட்டிவிட்டான். கோல்! ரெண்டு பேரும் சேர்ந்தா அப்படி இருக்கு ஆட்டம். ஒருத்தன் வாங்கணும், ஒருத்தன் ஓடணும். இதை நான்தான் கண்டுபிடிச்சேன். ஜமால் பாய்க்கு இதெல்லாம் புரியாது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா அதைக் கேள்விப்பட்டுட்டு? "இதை அந்த ஃபைனல்லயே பண்ணியிருந்தா கப்பு நம்மளது"ங்கிறார். அடிக்கக் கை ஓங்கிட்டேன். அப்புறம் அவருக்கு வயசாச்சேன்னு விட்டுட்டேன்.

யாரு, நானா? இந்த விஷயத்துல மாஸ்டரும் நானும் ஒண்ணா? அது எப்படித் தம்பி ஒண்ணாகும்? என்ன பேச்சுப் பேசுறீங்க. எனக்குக் காரணம் இருந்துச்சு. ஒரு பையனோட மானம் என் கையில இருந்துச்சு. அவருக்கு என்ன காரணம்? இருந்தா சொல்லியிருப்பாருல்ல? அது வேற, இது வேற.

சொல்றேன் கேளுங்க. முந்தாநாள் டைட்டஸ் மஸ்கட்ல இருந்து போன் பண்ணினான். அவனுக்கும் இப்ப தலை நரைச்சிருக்கும். ஒரு பார்சல் அனுப்பியிருக்கேன், மாஸ்டர் பழனிக்குப் போயிட்டாராமே, நீங்க நேர்ல கொண்டுபோய்க் குடுத்துருங்கண்ணேன்னான். மடியில இருக்கே, இதுதான். பேரீச்சம்பழம். அந்த மனுஷனுக்கு வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அனுப்புறானாம், போன வருஷத்துல இருந்து இல்ல, மஸ்கட் போன நாள்ல இருந்து! உக்கார வச்சவருக்குப் பேரீச்சம்பழம். அவனுக்காக வாழ்நாள் பூராம் வாதாடின எனக்கு ஒரு கொட்டைகூட வந்ததில்ல. அதை நான் குறையாச் சொல்லல. அவன் மனசு எவ்வளவு பெருசுன்னுதான் சொல்றேன்.

போன்ல அவன்கிட்டயே கேட்டுட்டேன். "டைட்டஸ், இத்தனை வருஷமாச்சு, அவர் உன்னை ஏன்டா இறக்கல?"

அவன் மெதுவாத் திருப்பிக் கேக்குறான்: "அண்ணே, மாஸ்டர் இன்னுமா உங்ககிட்டச் சொல்லல?"

"இல்லடா"ன்னேன்.

மூக்கை உறிஞ்சுற மாதிரி ஒரு சத்தம். "சொல்லலைன்னா விடுங்கண்ணே"ன்னான். "அவரை நல்லாப் பாத்துக்கச் சொன்னேன்னு அவர் மககிட்டச் சொல்லுங்க"ன்னு வச்சுட்டான்.

பாத்தீங்களா? அவனுக்கும் தெரியல! ஆட்டக்காரன்கிட்டகூட அந்த மனுஷன் காரணம் சொல்லல தம்பி. அவன் அங்க அழறான். இன்னைக்கு விடப்போறதில்ல. வீட்டுப்படி ஏறினதும் முதல் கேள்வியே அதுதான். பார்சல் அப்புறம். பதில் சொன்னாத்தான் பேரீச்சம்பழம்.

என்ன, சண்முகநதி தாண்டியாச்சா? இல்லையா? பழனிக்கு அங்கிட்டா? அப்ப இந்தா வந்துருச்சு. செருப்பு எங்க போச்சு? ஆங், இங்க கிடக்கு. உங்க ஆட்டத்தைப் பாக்கவிடாம நானே பேசிட்டு வந்துட்டேன். மறுபடி போட்டுப் பாருங்க, அந்த வெள்ளைச் சட்டைக்காரனை. கொஞ்சம் தலையைச் சாச்சுக்கங்க தம்பி, வெளியே பாக்குறேன்.

அட. அதோ நிக்கிறாரே. குடையைக் கம்பு மாதிரி ஊனிக்கிட்டு. நான் வர்றேன்னு மக சொல்லியிருக்கும். வெயில்ல வந்து நிக்கிறார் பாருங்க. என்ன இது, இம்புட்டு மெலிஞ்சு போயிட்டாரு? சட்டை அவர் மேல தொங்குது. வேட்டிகூட ஒழுங்காக் கட்ட முடியல போல, ஒரு கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். என்னைத்தான் தேடுறார். அந்தப் பஸ்ஸுல இல்ல மாஸ்டர், இந்தப் பஸ்ஸு! கண்ணும் சரியாத் தெரியல போலிருக்கு.

மாஸ்டர்! இங்க, இங்க! ஸ்தனிஸ்! அங்கேயே நில்லுங்க, நீங்க ரோட்டைத் தாண்டாதீங்க, நான் வர்றேன்!

சாப்பிட்டீங்களா மாஸ்டர்?